நட்சத்திர வேஷம் போடும் நெபுலாக்கள்

சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவரிடம் நெபுலா, அதாவது வானத்தில் ஒளிரும் வாயு மேகம், பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒரியன் நெபுலா பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் பெரிய தொலைநோக்கிக்காரர்கள் சமாச்சாரம்." கேலக்ஸிகள் விஷயத்தில் இதை நான் மறுக்க மாட்டேன். தெருவிளக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கையகலக் கண்ணாடியால் கேலக்ஸி தேடுவது வீண் வேலை. ஆனால் பிளானட்டரி நெபுலாக்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது. அவற்றில் நல்லவை சின்னக் கருவிக்கும் வெளிச்சமான வானத்துக்கும் அசராதவை. பலர் அவற்றைத் தவறவிடுவதற்குக் காரணம் அவை மங்கலாக இருப்பதல்ல. பார்வைக்குள் வந்த பிறகும் நட்சத்திரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என்னுடையது 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஒரு நியூட்டோனியன், அதாவது ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி. மோட்டார் கிடையாது, தானாகத் தேடித் தரும் வசதியும் கிடையாது. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 36 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 90, 6 மி.மீ. போட்டால் 150. இந்த மூன்று எண்கள்தான் இங்கே திரும்பத் திரும்ப வரும். கூடவே ஒரு ஓ-3 ஃபில்டர், ஒளியில் மெல்லிய ஒரு கீற்றை மட்டும் விடும் கண்ணாடி. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

பெயரில் பிளானட் இருக்கிறதே தவிர, கோள்களோடு இவற்றுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. 1780களில் வில்லியம் ஹெர்ஷலின் கண்ணுக்குக் கோள்களின் வட்டத்தட்டு மாதிரி தெரிந்ததால் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சூரியன் மாதிரியான ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து, சிவப்புப் பெருநட்சத்திரமாக ஊதி, தன் வெளி அடுக்குகளை உதறிவிடுகிறது. நடுவில் மிஞ்சும் கரு பயங்கரச் சூடு. அதன் புற ஊதாக் கதிர்கள் பட்டு, உதறிய வாயு ஒளிர்கிறது. அந்த வாயு நொடிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் விரிந்துகொண்டே போகும். சில பத்தாயிரம் ஆண்டுகளில் கலைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நட்சத்திரங்களின் ஆயுளைக் கோடிகளில் கணக்கிடும் வானவியலில் இது கண் இமைக்கும் நேரம்.

சரி, எதைத் தேடுவது? கேட்டலாகில் இருக்கும் மேக்னிட்யூட்டை, அதாவது பிரகாச எண்ணை, வைத்து முடிவெடுக்காதீர்கள். அது மொத்த ஒளியின் கணக்கு. அந்த ஒளி எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறது என்பதை அது சொல்லாது. கும்பத்தில் இருக்கும் ஹீலிக்ஸ், அதாவது என்ஜிசி கேட்டலாகில் 7293, சுமார் 7.6 மேக்னிட்யூட். ஆந்த்ரோமெடா விண்மீன் குழுவில் இருக்கும் என்ஜிசி 7662 சுமார் 8.3. எண் சிறிதானால் வெளிச்சம் கூடுதல், ஆகவே ஹீலிக்ஸிடமிருந்து வருவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஒளி. ஆனால் ஹீலிக்ஸின் அகலம் சுமார் 16 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க் நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்), 7662-இன் அகலமோ வெறும் 30 ஆர்க் செகண்ட். அகலத்தில் முப்பது மடங்குக்கு மேல் என்றால் பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இரண்டு பங்கு ஒளியை ஆயிரம் பங்கு இடத்தில் தடவினால் என்ன மிஞ்சும்? என் மாடியிலிருந்து ஹீலிக்ஸ் தெரிந்ததே இல்லை. 7662-ஐ முழு நிலா இருக்கும் இரவில்கூடப் பார்த்துவிடலாம்.

"நெபுலாவுக்குக் குறைந்த உருப்பெருக்கம்தான் சரி" என்று ஒரு பொது அறிவுரை உண்டு. ஹீலிக்ஸுக்கு அது சரி. இந்தச் சின்ன, செறிவான ரகத்துக்கு அது நேர்மாறு. 36 மடங்கில் 7662-இன் தட்டு 18 ஆர்க் நிமிடம்தான் தெரியும். வெறும் கண்ணால் பார்க்கும் நிலாவில் பாதிக்குச் சற்று மேல். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் இருட்டில் வேலை செய்யும் கண்ணுக்கு அது கொஞ்சம் ஊதிய நட்சத்திரம், அவ்வளவே. 90 மடங்கில் அதுவே 45 ஆர்க் நிமிடம், நிலாவைப் போல ஒன்றரை மடங்கு. உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது நெபுலா மங்கும் என்பது உண்மைதான். ஆனால் பின்னணி வானமும் அதே விகிதத்தில் மங்குகிறது. மங்கலான ஒளியில் சின்ன உருவத்தைவிடப் பெரிய உருவம் கண்ணில் எளிதாகப் பிடிபடும். அதனால் தயங்காமல் ஐபீஸை மாற்றுங்கள். 150-இல்கூட 7662 உடைந்து போகாமல் நிற்கும். காற்று அமைதியாக இருக்கும் நாளில் நடுவில் லேசான இருளும் தெரியும்.

7662-க்குப் போகும் வழி சுலபம். அயோட்டா ஆந்த்ரோமெடே என்ற நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து மேற்கே இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமாக நகர வேண்டும். 13 ஆந்த்ரோமெடே என்ற நட்சத்திரம் அரை டிகிரிக்குள் துணைக்கு நிற்கும். இரண்டும் 36 மடங்கில் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். இங்கேதான் நான் முதலில் சொன்ன சிக்கல் தொடங்குகிறது. பார்வைக்குள் நாலைந்து புள்ளிகள் இருக்கின்றன. இதில் எது?

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு புள்ளி மட்டும் கூர்மைக்கு வர மறுக்கும். ஃபோகஸ் குமிழை எப்படித் திருப்பினாலும் மற்றவை ஊசி முனையாகும், அது ஆகாது. அனுபவம் வந்தபின் இதுவே போதும். ஆனால் எட்டே ஆர்க் செகண்ட் அகலமுள்ள என்ஜிசி 6572 மாதிரியானவை இந்தச் சோதனையிலும் தப்பிவிடும். அப்போதுதான் ஃபில்டர் கைக்கு வருகிறது.

ஓ-3 ஃபில்டரை ஐபீஸில் திருகாதீர்கள். கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவில் விரலால் பிடித்து உள்ளே வெளியே நகர்த்துங்கள். உள்ளே வரும்போது நட்சத்திரங்கள் எல்லாம் சட்டென்று அடங்கும். நெபுலா மட்டும் அசையாது. (விரல் ரேகை பதியாமல் ஓரத்தைப் பிடிக்கவும். பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் வந்தால் ஃபில்டர் கண்ணாடியில் உங்கள் கண்ணே உங்களைப் பார்க்கும். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொள்வது எனக்கு உதவுகிறது. பக்கத்து மாடியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.)

இதற்கு மிதுனத்தில் இருக்கும் என்ஜிசி 2392-ஐவிட நல்ல செயல்விளக்கம் எனக்குத் தெரியாது. பழைய புத்தகங்களில் இது எஸ்கிமோ நெபுலா. அந்தப் பெயரை இனி பயன்படுத்துவதில்லை என்று 2020-இல் நாசா அறிவித்தது. டெல்டா ஜெமினோரத்திலிருந்து கிழக்கே, கொஞ்சம் தெற்காக, இரண்டரை டிகிரிக்குள் இருக்கிறது. 36 மடங்கில் பார்த்தால் ஒரு சாதாரண இரட்டை நட்சத்திரம் மாதிரி தெரியும். வடக்கே இருப்பது எட்டாம் மேக்னிட்யூட் நட்சத்திரம், நிஜமானது. தெற்கே இருப்பது நெபுலா. ஃபில்டர் இல்லாமல் பார்க்கும்போது வடக்கத்தியது பளிச்சென்று இருக்கும். ஃபில்டரை நுழைத்தால் நிலைமை தலைகீழ்: நட்சத்திரம் சுருங்கிவிடும், தெற்கத்தியது முந்திக்கொள்ளும். ஒரே பார்வைக்குள் ஒப்பிட ஆள் நிற்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. புதிதாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். "ஓ!" என்ற சத்தம் சனியின் வளையத்துக்கு வருவதைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும். ஆனால் வரும்.

இது ஏன் நடக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. நட்சத்திரம் எல்லா நிறங்களையும் கலந்து தருகிறது. அதிலிருந்து மெல்லிய ஒரு கீற்றை மட்டும் அனுமதித்தால் மிச்சம் கொஞ்சம்தான். நெபுலாவோ தன் ஒளியில் பெரும்பங்கை 500.7, 495.9 நானோமீட்டர் என்ற இரண்டே கோடுகளில் கொட்டுகிறது. ஃபில்டர் அனுமதிப்பது அந்த இரண்டையும்தான். இதை முதலில் கண்ணால் கண்டவர் வில்லியம் ஹக்கின்ஸ். லண்டனில் தன் வீட்டிலேயே ஆய்வகம் கட்டிக்கொண்ட மனிதர், 8 அங்குலத் தொலைநோக்கி. 1864 ஆகஸ்ட் 29-ஆம் தேதி இரவு, டிராகோவில் இருக்கும் என்ஜிசி 6543-ஐ நோக்கி நிறமாலைமானியைத் திருப்பினார். கேட்ஸ் ஐ என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதுவரை இருந்த சண்டை இது: நெபுலாக்கள் எல்லாமே பிரித்தறிய முடியாத நட்சத்திரக் கூட்டங்களா, இல்லை நிஜமாகவே வாயுவா? நட்சத்திரங்கள் என்றால் வானவில் பட்டை தெரிய வேண்டும். ஹக்கின்ஸுக்குப் பட்டை தெரியவில்லை, பிரகாசமான கோடு தெரிந்தது. வாயு. குறைந்தபட்சம் இந்த ரக நெபுலாவுக்கு வழக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

கோடு யாருடையது என்பதில்தான் குழப்பம் நீண்டது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அது ஒத்துவரவில்லை. நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்து வைத்தார்கள். 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் அதை அவிழ்த்தார்: இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன்தான். ஃபில்டரின் ஓ-3 என்ற பெயரும் அதைத்தான் குறிக்கிறது. நம் ஆய்வகங்களில் அணுக்கள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதால் இந்த ஒளியை வெளியிட அவகாசமே கிடைப்பதில்லை. நெபுலாவின் வாயு அவ்வளவு நீர்த்துப்போனது, அணு நிதானமாக ஒளியை விடலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இருட்டில் வேலை செய்யும் நம் விழித்திரையின் கோல் செல்களுக்கு உச்ச உணர்திறன் 507 நானோமீட்டர் வாக்கில். ஆக்சிஜனின் 500.7 அதற்குப் பக்கத்து வீடு. ஒரு கோட்டை நம் இரவுக் கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தாலும் இதைவிடப் பொருத்தமாக எடுத்திருக்க முடியாது. கேமராக்காரர்கள் எடுக்கும் படங்களில் வரும் சிவப்பு பெரும்பாலும் ஹைட்ரஜன், நைட்ரஜன் கோடுகள். இருட்டுக்குப் பழகிய கண் அந்தப் பக்கம் கிட்டத்தட்டக் குருடு. படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஐபீஸில் சிவப்பைத் தேட வேண்டாம்.

ஃபில்டருக்கு மாற்று ஒன்றும் உண்டு. டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங்கை, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகட்டை, கண்ணுக்கு முன் பிடித்தால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் நிறமாலைக் கீற்றாக நீளும். பிளானட்டரி நெபுலா மட்டும் நீளாமல் இன்னொரு புள்ளியாக நிற்கும். ஹார்வர்டில் எட்வர்ட் பிக்கரிங் 1880களில் ஐபீஸோடு பட்டகத்தைச் சேர்த்து, இதே உத்தியால் புதிய பிளானட்டரிகளையே கண்டுபிடித்தார். பிரகாசமானவற்றுக்கு என் கருவியிலும் இது வேலை செய்கிறது. 6572-ஐ நான் உறுதிப்படுத்தியது இப்படித்தான்.

இனி என் அபிமானம்: சிக்னஸில் இருக்கும் என்ஜிசி 6826. பிளிங்கிங் (கண் சிமிட்டும்) நெபுலா என்று பெயர். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோம்பேறி வழி இருக்கிறது, என்னைப் போல மோட்டார் இல்லாதவர்களுக்கு மட்டுமே உரிய சலுகை. 16 சிக்னி என்ற அழகான இரட்டை நட்சத்திரம் இதற்கு நேர் மேற்கே இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே டெக்லினேஷனில் (வானத்தின் அட்சரேகை), 50 டிகிரி 31 ஆர்க் நிமிடத்தில். ரைட் அசென்ஷன் (வானத்தின் தீர்க்கரேகை, நேரத்தில் அளப்பது) வித்தியாசம் மூன்று நிமிடம். ஆகவே 16 சிக்னியைப் பார்வையின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பூமி சுழலும். மூன்று நிமிடம் கழித்து நெபுலா தானாக நடுவுக்கு வந்து நிற்கும். 36 மடங்கில் ஆரம்பத்திலேயே இரண்டும் ஒன்றாகத் தெரியும். 90-இல் பார்வை அரை டிகிரிக்குச் சற்றுமேல்தான், ஆகவே முதலில் 16 சிக்னி மட்டும் தெரியும், அது ஒரு ஓரத்தை நெருங்கும்போது எதிர் ஓரத்தில் இது நுழையும்.

வந்ததும் நேராகப் பாருங்கள். நடுவில் ஒரு கூர்மையான நட்சத்திரம், பத்தரை மேக்னிட்யூட் வாக்கில். நெபுலா இல்லை. இப்போது பார்வையைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்துங்கள், கடைக்கண்ணால் பார்ப்பது போல. நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டத் திட்டு பொங்கி வந்து நட்சத்திரத்தையே மூழ்கடித்துவிடும். திரும்ப நேராகப் பார்த்தால் திட்டு காணாமல் போகும். விழித்திரையின் நட்ட நடுவில் கோல் செல்கள் இல்லை, அதைச் சுற்றித்தான் நெருக்கமாக இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை உங்கள் கண்ணே உங்களுக்கு நிரூபித்துக் காட்டுகிறது. மற்ற பிளானட்டரிகளிலும் இது ஓரளவு நடக்கும். இங்கே மைய நட்சத்திரமும் நெபுலாவும் சரியான விகிதத்தில் அமைந்திருப்பதால் அந்த மாற்றம் பொத்தானை அழுத்தியதுபோல் நடக்கிறது. பெரிய தொலைநோக்கியில் நெபுலா மிகப் பிரகாசமாகி, நேராகப் பார்த்தாலும் மறைய மறுக்கும். சின்னக் கருவிக்காரர்கள் இதில் ஜெயிக்கிறோம்.

இன்னொன்று. 16 சிக்னியின் இரண்டு நட்சத்திரங்களும் ஏறக்குறைய நம் சூரியனின் ஜாடை. அதில் ஒன்றைச் சுற்றி ஒரு கோள் இருப்பது 1996-இல் தெரியவந்தது. ஆக, அரை டிகிரி இடைவெளியில் இன்றைய சூரியன் மாதிரி இரண்டும், பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு சூரியனுக்கு வரப்போகும் கட்டத்தில் ஒன்றும். தூரத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை, 16 சிக்னி சுமார் 70 ஒளியாண்டுதான், நெபுலா அதற்கு வெகு தொலைவில். இருந்தாலும் இந்த அமைப்பு எனக்கு அலுப்பதில்லை.

எல்லோரும் கேட்கும் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம் 57 (எம் என்பது மெசியேயின் பட்டியல்), வளைய நெபுலா: லைராவின் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில், வழி தவறவே முடியாது. 36-இல் சாம்பல் நிறப் பொட்டு, 90-இல் நடுவில் ஓட்டை தெரியும். மைய நட்சத்திரம் 15-ஆம் மேக்னிட்யூட், 114 மி.மீ.க்கு எட்டாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எம் 27: 1764-இல் சார்ல்ஸ் மெசியே கண்டது, பிளானட்டரி நெபுலாக்களில் மனிதன் கண்ட முதல் ஒன்று. காமா சஜிட்டேயிலிருந்து நேர் வடக்கே மூன்று டிகிரிக்குச் சற்று மேல். எட்டு ஆர்க் நிமிட அகலம் இருப்பதால் இதற்கு மட்டும் 36 மடங்கே சரி. கண்ணாடியில் மூச்சை ஊதினால் படியும் படலம் மாதிரி ஆரம்பத்தில் தெரியும், கொஞ்ச நேரத்தில் இடுப்பு ஒடுங்கிய வடிவம் பிடிபடும். நல்ல பொருள்தான். ஆனால் இந்த இரண்டோடு பிளானட்டரி ஆசையை முடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கம்.

உர்சா மேஜரின் ஆந்தை நெபுலா, எம் 97, என் மாடி வானத்தில் ஃபில்டரோடு ஏதோ இருப்பதாக ஒரு சந்தேகம் மட்டும் கொடுக்கும். ஆந்தையின் கண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊருக்கு வெளியே இருட்டான இடத்துக்குப் போகும்போது அதற்கும் ஹீலிக்ஸுக்கும் நேரம் ஒதுக்குங்கள், வீட்டிலிருந்து வேண்டாம். ஹைட்ராவின் என்ஜிசி 3242-க்கு அந்தக் கவலை கிடையாது. மியூ ஹைட்ரேயிலிருந்து தெற்கே இரண்டு டிகிரிக்குள் இருக்கிறது. அளவில் வியாழனின் தட்டு மாதிரியே, 40 ஆர்க் செகண்ட். அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் போவதற்குத்தான் கஷ்டப்பட வேண்டும்.

நிறம் பற்றி ஒரு குறிப்பு. நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் உருப்பெருக்கத்தைக் கூட்டும் முன்பே பாருங்கள். 36 மடங்கில் ஒளி குவிந்து இருக்கும்போது 6572 தெளிவாகப் பச்சை, 7662 நீலம் கலந்த பச்சை. 150-க்குப் போனால் இரண்டும் சாம்பல். வடிவத்துக்கு ஒரு ஐபீஸ், நிறத்துக்கு வேறு ஐபீஸ். நேரடியாகப் பார்த்தால்தான் நிறம் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைக்கண்ணுக்கு நிறம் தெரியாது.

ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஓ-3. யூஹெச்சி என்ற, இன்னும் கொஞ்சம் அகலமான கீற்றை விடும் ரகம் மற்ற நெபுலாக்களுக்கும் சேர்த்துப் பயன்படும், ஆனால் இந்தப் புள்ளி வேட்டைக்கு அது போதிய வித்தியாசம் காட்டுவதில்லை. ஃபில்டர் இல்லாமலும் ஆரம்பிக்கலாம். 16 சிக்னிக்கு ஃபில்டர் தேவையில்லை, மூன்று நிமிடம் இருந்தால் போதும்.

எனக்கு அடுத்தது சிக்னஸிலேயே இருக்கும் என்ஜிசி 7027. 1878-இல் எதுவார் ஸ்டெஃபான் கண்டுபிடித்தது. வாயு விரியத் தொடங்கிச் சுமார் 600 ஆண்டுதான் ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள், இந்தக் கூட்டத்தில் கைக்குழந்தை. வட்டமாக இல்லாமல் நீள்சதுரமாகத் தெரியும் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 36-இல் நட்சத்திரம் வேஷத்தில்தான் இருக்கும். ஃபில்டரால் ஆளைப் பிடித்துவிட்டு 150-க்குத் தாவுவதாகத் திட்டம். மேகம் விலகினால்.